உமரி பிடுங்கிய வழக்கு

எங்கள் தெருவில் எந்த வீட்டில் டீ திரிந்துபோனாலும் திட்டு வாங்குவது ஒரே ஆள்தான், சிஸ்டரம்மாவின் வீட்டுக்காரர். பால்காரரைத் திட்டிப் பயனில்லை, அவர் ஊற்றியது நல்ல பால். தோல் பதனிடும் ஆலையை நாங்கள் ஷாப் என்போம். ஷாப்காரர்களைத் திட்டலாம் என்றால் கேட்டில் வாட்ச்மேன் நிற்பான். ஆகவே கெட்டுப்போன கிணறு யாருடைய நிலத்தில் இருந்ததோ, அந்த மனுஷன்மேல் அவருடைய பெண்சாதியே பாய்வார். "உங்க தாத்தா வெட்டின கெணறுதானே, நீங்களே ஒரு சொம்பு குடிச்சிட்டு வாங்க, அப்பால பேசலாம்" என்பது எதிர்வீட்டில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்கும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிலத்துப் பக்கம் போய்விடுவார்.

ஆம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸாக இருந்ததால் அவர் சிஸ்டரம்மா. பெயர் என்று ஒன்று இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. டூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்டக்டரைத் திட்டிக்கொண்டுதான் இறங்குவார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, மரியாதை ஏறும். என்னை எப்போதும் "வாடி, போடி" என்பவர், நான் காய்ச்சலோடு ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போன அன்றைக்கு, "நீங்க பெரிய ஆளு, உங்களுக்கெல்லாம் எதுக்கு மாத்திரை" என்றார். நான் மாத்திரையை அவர் கண்ணெதிரிலேயே விழுங்கினேன்.

கை வெந்துபோய் வரும் ஷாப் ஆட்களுக்கும் அதே மரியாதைதான்.

"கையுறை குடுக்கலீங்களா?"

"குடுத்தாங்க சிஸ்டர். கிழிஞ்சிடுச்சு."

"கிழிஞ்சத உங்க மொதலாளி கையில மாட்டி, ஒரே ஒரு நாள் சுண்ணாம்புத் தொட்டியில எறங்கச் சொல்றீங்களா?"

பேசிக்கொண்டே கட்டுப் போடுவார். கட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. காசு வாங்கும் கவுன்டருக்கு அந்த ஆளை அனுப்பாமல் பின்பக்க வழியாக அனுப்பிவிட்டு, அதற்காக டாக்டரிடம் திட்டு வாங்குவார். அந்தத் திட்டைத் திருப்பியும் கொடுப்பார்.

அவருடைய ஊர் மரக்காணத்துக்கு அந்தப் பக்கம், உப்பளத்தை ஒட்டின குப்பம். கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற சேற்றில் விளையாடி வளர்ந்தவர். குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அவருடைய அம்மா வெயிலில் எத்தனை தூரம் நடந்தாள் என்பதைச் சொல்லும்போது மட்டும் அவர் யாரையும் திட்டமாட்டார். வேலூருக்கு நர்ஸ் படிப்புக்கு வந்த இடத்தில் ஆம்பூர்ப் பக்கத்து மாப்பிள்ளை ஒன்று வந்தது. பாலாற்றங்கரையில் தென்னந்தோப்பு, நடுவில் கிணறு. வீடு பார்க்க வந்தவர், மாப்பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கிணற்றில் ஒரு வாளி இழுத்துக் குடித்தாராம். இளநீர் மாதிரி இருந்ததாம்.

"அந்தத் தண்ணிக்குத்தான்டி கழுத்த நீட்டினேன். இந்த மூஞ்சிக்கா?" என்பார் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே. அவர் தலையைக் குனிந்து சிரிப்பார். அந்த நாளில் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு.

அந்தத் தண்ணீர் உப்பாகிப்போனது. தோலில் தடவி வருகிற உப்பு, ஷாப்பில் கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் மண்ணுக்குள் இறங்கி, முதலில் தென்னங்குரும்பை உதிர்ந்தது. அப்புறம் மட்டை தொங்கியது. அப்புறம் மரங்களே மொட்டையாக நின்றன. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, டீ திரிந்தது. கடைசியில் நிலத்தின்மேல் உப்பு வெள்ளையாகப் படிந்து, வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. உப்புத் தண்ணீருக்குப் பயந்து கடலை விட்டு ஓடிவந்த பொம்பளையை, இத்தனை தூரம் துரத்திக்கொண்டு உப்பு வந்தது. கோபம் வராமல் என்ன செய்யும்? எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

தண்ணீர் அவ்வளவு மோசம் இல்லை, சோதனையில் சரியாகத்தான் இருக்கிறது என்று யார் வந்து சொன்னாலும் அவருக்கு ஒரே பதில்தான். "வாயில வச்சுப் பாருங்க." ஓட்டுக் கேட்டு வந்த ஒருவருக்கு எவர்சில்வர் டம்ளரில் கிணற்றுத் தண்ணீரை வைத்து நீட்டினார். அவர் அதைக் கும்பிட்டு வாங்கி, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர் அவருக்குப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். டம்ளர் தெரு முனைவரைக்கும் போனது. சிஸ்டரம்மா பின்னாலேயே போய், "தண்ணிய ஊத்திட்டு டம்ளரக் குடுத்துட்டுப் போங்க, அது எங்க அம்மா வீட்டு சீர்" என்று வாங்கிக்கொண்டு வந்தார்.

தோல் ஏற்றி வந்த லாரிகளை மறித்துக் காலிக் குடங்களோடு ரோட்டில் எங்களை உட்கார வைத்ததும் அவர்தான். ஷாப்காரர்கள் இறங்கிவந்தார்கள். தெருவுக்குத் தினம் ஒரு லாரி குடிதண்ணீர் அவர்கள் செலவில் என்று அதிகாரி முன்னால் ஒப்புக்கொண்டார்கள். நிலமும் கிணறும் தேறுகிறவரைக்கும் என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வார்த்தையை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் அவருடைய அம்மா படுக்கையில் விழ, சிஸ்டரம்மா நீண்ட லீவு போட்டுவிட்டு மரக்காணம் போய்விட்டார். இந்தப் பக்கம் ஷாப் மேனேஜர் ஆற்காட்டு மக்கன்பேடா ஸ்வீட் ஒரு டப்பாவோடு அவர் வீட்டுக்கு வந்தார். நிலம் சும்மாதானே கிடக்கிறது, குத்தகைக்கு விடுங்கள், எங்கள் செலவிலேயே பசுமையாக்கித் தருகிறோம் என்றார். வீட்டுக்காரர் மண்ணைத் தவிர வேறு எதையும் நம்பத் தெரியாதவர். அவரிடம் போய் நிலம் பச்சையாகும் என்று சொன்னால் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்?

வெளியூர் ஆட்கள் வந்து கன்று கன்றாக நட்டார்கள். குட்டையான செடி. ஊசி ஊசியாக, சதைப்பற்றான இலை. எங்களுக்குப் பெயர் தெரியவில்லை. கொஞ்ச நாளில் அந்த வெள்ளைத் தரை முழுக்கப் பாய் விரித்த மாதிரி பச்சை பிடித்துவிட்டது. இலைக் கக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பூக்கள் வந்தன. வீட்டுக்காரர் காலையிலும் மாலையிலும் வரப்பில் குந்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததை எடுத்துப் போய் பீடத்தின் முன்னால் வைத்து நன்றி சொல்வது, பிறகு காம்பவுண்டில் ஏலம் விடுவது. எங்கள் நிலங்கள் செத்த பிறகும் நாங்கள் பண்டிகையை விடவில்லை. ஆம்பூர் மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்கி, ஏதோ நாங்களே விளைவித்த மாதிரி கொண்டுபோய் வைப்போம். அந்த வருஷம் சிஸ்டரம்மாவின் வீட்டுக்காரர் சொந்த நிலத்திலிருந்து அறுத்த பச்சையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து பீடத்தைச் சுற்றி அடுக்கினார். ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று பாஸ்டர் கேட்டார். தன் வாழ்க்கையில் மைக்கைத் தொடாத அந்த மனுஷன் எழுந்து போனார்.

"என் நெலம் செத்துப்போச்சுன்னு நெனச்சேன். ஆண்டவரு அத எழுப்பிட்டாரு. பச்ச கட்டிக்கிச்சு, பூவும் வச்சிடுச்சு" என்று சொல்லி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சபை முழுக்க ஆமென் என்றது. முன் பெஞ்சில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த மேனேஜர், செல்போனில் அத்தனையையும் வீடியோ எடுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் சிஸ்டரம்மா பஸ் இறங்கி, பையோடு நேராக சர்ச்சுக்குள் நுழைந்தார். பீடத்தைப் பார்த்தார். நடு வழியில் நடந்து போய் ஒரு கொத்தை உருவி வாயில் போட்டு மென்றார். 

"இது இன்னா தெரியுங்களா உங்களுக்கு?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

"ஏதோ கீர மாதிரி..."

"உமரி. எங்க ஊர்ல கடத்தண்ணி ஏறி எறங்குற சேத்துல மொளைக்கிறது. வேற ஒரு புல்லும் மொளைக்காத எடமாப் பாத்துத்தான் இது மொளைக்கும். இது இங்க வளருதுன்னா உங்க நெலம் பொழைக்கலீங்க. கடலாயிடுச்சு."

"அம்மா, ஆராதனை முடியட்டும்" என்றார் பாஸ்டர்.

"முடியட்டும் பாஸ்டரய்யா. நீங்களும் ஒண்ணு வாயில வச்சுப் பாருங்க."

அவர் நல்ல மனுஷன். ஒன்றைக் கிள்ளி வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. "உப்புதாம்மா" என்று மெதுவாகச் சொன்னார். ஆனால் மைக் அணைந்திருந்தது, வீடியோவும் அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது.

தண்ணீர் லாரி ஓட்டும் பாய்தான் விஷயத்தைச் சொன்னார். "பேஜாராப் போச்சுக்கா. அண்ணன் அழுதாரே, அந்த வீடியோவ ஆபீசருக்கு அனுப்பிட்டாங்க. நெலம் தேறிடுச்சாம். அவரு வந்து பாத்துட்டா லாரிய நிறுத்திடுவோம்னு மேனேஜர் சொல்றாரு."

அன்றைக்கு எதிர்வீட்டில் நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"ஆபீசர் வந்தா, தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லுங்க."

"சர்ச்சுல நின்னு சொன்னத எப்படிம்மா மாத்துறது?"

"ஆண்டவருக்கு உமரி எதுன்னு தெரியும். அவரு தப்பா எடுத்துக்க மாட்டாரு. ஆபீசருக்குத்தான் தெரியாது."

வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அதிகாரி வந்தார். மேனேஜர் பாட்டில் தண்ணீர் ஒரு பெட்டியே கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். சிஸ்டரம்மா கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் வைத்துக்கொண்டு நின்றார், அதை யாரும் பார்க்கவில்லை. மேனேஜர் படித்தவர், தெளிவாகவே பேசினார். "இந்தச் செடி மண்ணுல இருக்கற உப்பை உறிஞ்சிடும்மா. இது ஆராய்ச்சி பண்ணின விஷயம்."

"உறிஞ்சட்டுங்க, நான் வேணாங்கல. உறிஞ்சின செடிய அறுத்து எங்க கொட்டுவீங்க? இங்கயே காஞ்சு, இங்கயே உதிர்ந்து, அந்த உப்பு இங்கயேதான் விழும். அறுத்து வெளிய கொண்டுபோங்க. எங்க பேரன் காலத்துல கெணறு தேறட்டும். அதுவரைக்கும் லாரி வரட்டும்."

மேனேஜர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "வீடியோல பேசினது நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்க."

"யாரும் சொல்லிக்குடுத்து சொல்லலையே?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். இரண்டு பதிலும் உண்மை. நிலத்தில் நல்ல பசுமை காணப்படுகிறது என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்கள். அடுத்த வாரம் லாரி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஹைவேஸைத் தாண்டிப் போக ஆரம்பித்தோம். சிஸ்டரம்மா டூட்டி உடுப்போடு இடுப்பில் ஒரு குடம் வைத்துக்கொண்டு, அவருடைய அம்மா நடந்த மாதிரி நடந்தார். அந்த நாட்களில் அவர் யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நிலத்தில் இறங்கிவிட்டார். குனிந்து ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, வேரைத் தட்டி, ஒரு பக்கமாகப் போட்டார். "உனக்கு இங்க இன்னா வேல? யாரு உன்ன இங்க கூப்பிட்டா?" என்று அதனிடம் பேசிக்கொண்டே பிடுங்கினார். அத்தனை கோபத்திலும் செடியை மட்டும் நீ என்றுதான் பேசினார். சின்ன வயசில் தின்று வளர்ந்த கீரையாயிற்றே. சர்ச்சுக்குக் கிளம்பிய பெண்கள் நாங்கள் அப்படியே பைபிளை வரப்பில் வைத்துவிட்டு இறங்கினோம். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், நிலத்தின் அந்தக் கோடியில் வீட்டுக்காரரும் குனிந்திருந்தார்.  தன் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பூரித்த பச்சையைத் தன் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பிடுங்கியதை ஷாப் கேட்டில் கொண்டுபோய்க் குவித்தோம். ஒரு கூடையை மட்டும் சிஸ்டரம்மா எடுத்து வைக்கச் சொன்னார். "ரெண்டு மூணு தண்ணி மாத்தி வேகவச்சுக் கொட்டிட்டு, பருப்புப் போட்டுக் கடையணும். உப்பே போட வேணாம். சாப்பிட்டுப் பாருங்கடி, அப்படி இருக்கும்." நாங்களும் ஆசையாக அவர் வீட்டில் போய் உட்கார்ந்தோம். அடுப்பு மூட்டின பிறகுதான் தெரிந்தது, மாற்றி மாற்றிக் கொட்ட நல்ல தண்ணீர் யார் வீட்டிலும் இல்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடையைக் கொண்டுபோய் வாசலில் கவிழ்த்தார்.

சாயங்காலம் போலீஸ் வந்தது. தோப்பு முழுக்கத் தென்னை செத்தபோது ஒரு கான்ஸ்டபிளும் இந்தப் பக்கம் வந்ததில்லை. கிணறு கெட்டபோது எழுதிக் கொடுத்த புகாருக்கு யாரும் வந்ததில்லை. கீரை பிடுங்கியதற்கு ஜீப்பில் வந்தார்கள். குத்தகை நிலத்தில் பசுமையை அழித்ததாக ஷாப்பில் புகார் கொடுத்திருந்தார்கள். யார் யார் பிடுங்கினது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தாங்க. நான் ஒருத்திதான்" என்றார் சிஸ்டரம்மா.

"இவ்ளோ நெலத்தையுமா?"

"கோவம் ஜாஸ்திங்க எனக்கு."

வழக்கு நடந்தது. அதில் அவருக்கே தெரியாமல் ஒரு நல்லது நடந்தது. வழக்கு முடிகிறவரைக்கும் அந்த நிலத்தில் யாரும் எதையும் நடக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவாகிவிட்டது. பச்சை போனதும் தரை பழையபடி வெளுத்தது. மேலே இருந்து வேறொரு அதிகாரி வந்து அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, லாரியை மறுபடி விடச் சொன்னார். வழக்கு முடிந்தால் அவர்கள் மறுபடி நடுவார்கள், லாரி நிற்கும். இது தெருவுக்கே தெரியும், ஷாப்காரர்களுக்கும் தெரியும். அதனால் அவர்களுடைய வக்கீல் ரொம்ப அன்பாக ஒரு யோசனை சொன்னார். ஒரு மன்னிப்பு கேட்டுவிட்டால் போதும், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றார்.

மாஜிஸ்ட்ரேட்டும் அதையே கேட்டார். "ஒரு வார்த்தைதானேம்மா. கேட்டுட்டு வீட்டுக்குப் போகலாமே."

"செடிகிட்ட வேணா கேக்கறேங்க. அது பாவம், கடலோரத்துல அதுபாட்டுக்கு இருந்தது. அதக் கொண்டாந்து நட்டவங்ககிட்ட நான் கேக்க மாட்டேன்."

வாய்தாவுக்குப் போவதென்றால் அவர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் கிளம்புவார். நல்ல புடவை, குடை, டிபன் பாக்ஸ். போகும் வழியில் டிரைவரைத் திட்டுவார், கோர்ட்டில் ஃபேன் ஓடவில்லை என்று குமாஸ்தாவைத் திட்டுவார். வருஷக்கணக்கில் இழுத்தார்கள். இழுக்க இழுக்க எங்களுக்குத் தண்ணீர் வந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் டூட்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் அந்த நர்சிங் ஹோம் வராந்தாவில் எல்லாரையும் திட்டினேன். என்னை யாரும் தடுக்கவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு நானும் அவருடைய வீட்டுக்காரரும் போனோம். கோர்ட்டில் சிஸ்டரம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஷாப் வக்கீல் எழுந்து, எதிரி இறந்துவிட்டார், வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, என் காதால் கேட்டேன். மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்தார்.

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். கூண்டுக்குப் போக வேண்டுமா, இங்கேயே பேசலாமா என்று தெரியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"முடிக்காதீங்க ஐயா. நானும் பிடுங்கினேன்."

"உங்க பேர் இதுல இல்லையே, பெரியவரே."

"இல்லீங்க. அவ சொல்லல. அந்தக் கோடியிலேர்ந்து பாதி நெலம் நான்தான் பிடுங்கினேன். என் பேர எழுதிக்குங்க."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "எழுதினா நீங்கதான் இனிமே ஒவ்வொரு தடவையும் வரணும். தெரியுமா?" என்றார்.

"வர்றேங்க" என்றார் அவர்.